ஒரு அவுன்ஸ் ஜாம்

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் ஓர் அட்டையைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். கைதிக்கு ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பாடு, எவ்வளவு என்று சிறை நிர்வாகம் எழுதிவைத்த பட்டியல் அது. இரண்டு பத்திகள். முதல் பத்தி கலப்பினத்தாருக்கும் ஆசியருக்கும். இரண்டாவது பத்தி, ‘பாண்டு’ என்று நிறவெறி அரசு பெயரிட்டிருந்த கறுப்பின மக்களுக்கு. முதல் பத்தியில் ரொட்டி இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. இறைச்சி முன்னவருக்கு 6 அவுன்ஸ், பின்னவருக்கு 5. ஜாம் அல்லது பாகு முன்னவருக்கு 1 அவுன்ஸ், பின்னவருக்கு எதுவும் கிடையாது. ஒரு அவுன்ஸ் என்றால் 28 கிராம். அந்த 28 கிராமையும் இனம் பார்த்து அளந்திருக்கிறார்கள்.

வெள்ளையருக்கு அந்த அட்டையில் பத்தியே இல்லை. அவர்களுக்குத் தனிச் சிறை. 1964இல் ரிவோனியா அரசியல் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற எட்டுப் பேரில் டெனிஸ் கோல்ட்பெர்க் மட்டும் வெள்ளையர் என்பதால் பிரிட்டோரியாவில் அடைக்கப்பட்டார். மண்டேலா உள்ளிட்ட மற்ற ஏழு பேரும் தீவுக்கு வந்தார்கள். அந்த எழுவரில் வயதில் இளையவர் இந்தியரான அஹமத் கத்ராடா. ஜூன் மாதம், அங்கே நல்ல குளிர்காலம். கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டை கொடுத்தார்கள். அவரைவிடப் 11 வயது மூத்த மண்டேலாவுக்கு அரைக்கால் சட்டை. கறுப்பினத்தவர் எத்தனை வயதானாலும் ‘பையன்’தான் என்பது அதன் பொருள்.

சுற்றிக்காட்டியவர் அதே சிறையில் இருந்த முன்னாள் கைதி. நான் தமிழ்நாட்டுக்காரன் என்று தெரிந்ததும் அட்டையின் முதல் பத்தியில் விரலை வைத்து, “உங்கள் ஆட்களுக்கு இது” என்றார். குரலில் கசப்பில்லை. அவர்களில் பலர் ரொட்டியைப் பிய்த்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள் என்று அவரே சொன்னார். அந்த அட்டையைத் தாண்டி நகர எனக்கு வெகுநேரம் ஆயிற்று. நான் தேடிவந்த, நிறவெறி அரசின் அரசியலமைப்புச் சட்டத்தின் முழு ஏற்பாடும் அதில் அடங்கியிருந்தது.

என் ஊர் ராயப்பன்பட்டி. கம்பம் பள்ளத்தாக்கில், மேகமலை அடிவாரத்தில், சண்முகாநதி அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பன்னீர் திராட்சையும் மாதா கோயிலும் ஊரின் அடையாளம். நான் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் தென்னாப்பிரிக்கா என்றால் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட கதை வரும், அடுத்து தில்லையாடி வள்ளியம்மை வருவார். 1914 பிப்ரவரி 22ஆம் தேதி அந்தப் பெண் இறந்ததோடு பாடம் முடிந்துவிடும். மிச்சமிருந்த 80 ஆண்டுகளில் நம்மவர்கள் அங்கே என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அவர்களுக்கு வந்த மிகக் கடினமான சோதனை அந்த 80 ஆண்டுகளில்தான் இருக்கிறது. அது சிறையாகவோ தடியடியாகவோ வரவில்லை, நாடாளுமன்றத்தில் 45 நாற்காலிகளாக வந்தது.

நாடாளுமன்றம் கேப் டவுனில், கம்பெனித் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. டச்சுக்காரர்கள் கப்பல்களுக்குக் காய்கறி போட்ட நிலம் இன்று ஓக் மரங்களும் அணில்களும் உள்ள பூங்கா. அருகிலேயே குயின் விக்டோரியா தெருவில், நீதிமன்றக் கட்டடத்தின் வாசலில் நினைவுச் சின்னமாக இரண்டு பெஞ்சுகளைப் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் ‘வெள்ளையர் மட்டும்’ என்றும் மற்றதில் ‘வெள்ளையர் அல்லாதார் மட்டும்’ என்றும் எழுதியிருக்கிறது. 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு மனிதரும் பிறந்த இனத்தின் பெயரில் பதிவானார்கள். பதிவில் ஆட்சேபம் இருப்பவர்களை அந்தக் கட்டடத்தில்தான் விசாரித்தார்கள். தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்ததுண்டு. நின்றால் ஓர் இனம், விழுந்தால் வேறு இனம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் வேறு வேறு இனமாகப் பதிவாகி, வேறு வேறு பகுதிகளில் குடியிருக்க நேர்ந்தது. நம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததும் அதே 1950இல்தான். தீண்டாமையை ஒழித்தோம் என்று நாம் எழுதிக்கொண்ட ஆண்டில், அவர்கள் மக்களை இனவாரியாகப் பதிவு செய்யவும் இடம்வாரியாகப் பிரிக்கவும் சட்டம் போட்டார்கள்.

அதற்கு முன்பே அடித்தளம் போடப்பட்டிருந்தது. 1909இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி 1910 மே 31இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானது. கேப் மாகாணத்தில் வெள்ளையர் அல்லாதாருக்குக் கொஞ்சம் வாக்குரிமை இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் இரு அவைகளும் சேர்ந்தமர்ந்து மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று காப்பு வைத்திருந்தார்கள். 1936இல் கறுப்பினத்தவரைப் பொதுப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். 1951இல் கலப்பினத்தாரை நீக்கப் போனபோது அந்த மூன்றில் இரண்டு பங்கு இல்லாமலே சட்டம் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. நாடாளுமன்றமே தன்னை உயர் நீதிமன்றமாக அறிவித்துக்கொண்டது. அதுவும் செல்லாது என்றார்கள் நீதிபதிகள். கடைசியில் 48 பேர் இருந்த செனட்டை 89 பேராக்கி, தங்கள் ஆட்களை நிரப்பி, 1956இல் காரியத்தை முடித்தார்கள். எல்லாம் சட்டப்படி நடந்தது. அதைப் படிக்கும்போது எனக்கு நடுக்கமாக இருந்தது. ஓர் அரசியலமைப்பின் காப்பு அதை நடத்துகிறவர்களின் மனத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் தாங்கும் என்ற கேள்வி நமக்கும் உண்டு.

1960 அக்டோபரில் வெள்ளையர் மட்டும் வாக்களித்து, 52 விழுக்காட்டு ஆதரவோடு குடியரசு வேண்டும் என்றார்கள். 1961 மே 31இல் புதிய அரசியலமைப்பு வந்தது. முடிக்குரிய இடத்தில் குடியரசுத் தலைவர். மற்றபடி வெள்ளையர் மட்டும் அமர்ந்த அதே நாடாளுமன்றம். இந்தியர்களை அந்த நாட்டின் நிரந்தரக் குடிகள் என்று அரசு ஒப்புக்கொண்டதே 1961இல்தான். முதல் கப்பல் வந்து 101 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை எப்படியாவது ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவர்களாகத்தான் அவர்களைக் கணக்கு வைத்திருந்தார்கள்.

இதற்குப் பிறகு வந்தது 1983ஆம் ஆண்டுச் சட்டம். உலகம் பொருளாதாரத் தடை பேசிக்கொண்டிருந்தது, உள்நாட்டில் சொவெட்டோவின் மாணவர் எழுச்சி முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பி.டபிள்யூ. போத்தாவின் அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. நாடாளுமன்றத்தை மூன்று சபைகளாக்கியது: வெள்ளையருக்கு 178 இடம், கலப்பினத்தாருக்கு 85, இந்தியருக்கு 45. ஏறக்குறைய நாலுக்கு இரண்டுக்கு ஒன்று. எந்த இடத்தில் கணக்குப் போட்டாலும் இதே விகிதம்தான் வரும். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் 50, 25, 13. சபைகள் முரண்பட்டால் தீர்ப்புச் சொல்ல 60 பேர் கொண்ட தலைவர் மன்றம். அதில் சபைகள் அனுப்புவது 20, 10, 5. மீதி 25 பேரைத் தலைவரே நியமிப்பார். கலப்பினச் சபையும் இந்தியச் சபையும் கைகோத்து எதிர்த்தாலும் எதையும் தடுக்க முடியாதபடி கணக்குப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம், வீடு, உதவித்தொகை போன்றவை அந்தந்த இனத்தின் ‘சொந்த விவகாரம்’. பாதுகாப்பு, நிதி, காவல் எல்லாம் ‘பொது விவகாரம்’. எது சொந்தம், எது பொது என்று முடிவு செய்வது தலைவர். அவர் சொன்னால் சொன்னதுதான். இரண்டு கோடிக்கும் மேலிருந்த கறுப்பின மக்களுக்கு இந்தச் சட்டத்தில் சபை இல்லை, வாக்கு இல்லை. கறுப்பினத்தவர் விவகாரங்களின் ஆட்சியும் நிர்வாகமும் குடியரசுத் தலைவரிடம் இருக்கும் என்று ஒரு பிரிவு மட்டும் இருக்கிறது. அவர்களுடைய நாடு டிரான்ஸ்கை, வெண்டா, சிஸ்கை போன்ற தாயகங்களில் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். முகப்புரை எல்லாம் வல்ல இறைவனுக்குப் பணிந்து தொடங்குகிறது. மாதா கோயில் மணியோசையில் வளர்ந்தவன் நான். அந்த முதல் வரியை இரண்டாம் முறை படிக்க எனக்கு மனம் வரவில்லை.

1983 நவம்பர் 2ஆம் தேதி இதற்குக் கருத்துக் கேட்டார்கள், வெள்ளையரிடம் மட்டும். மூன்றில் இரண்டு பங்கினர் ஆமென்றார்கள். மூன்று சபைகளும் சேர்ந்தமர 1980களில் கட்டிய மண்டபம் பின்னாளில் சுதந்திர நாட்டின் தேசிய சபையாகியது. 2022 ஜனவரி 2ஆம் தேதி பிடித்த தீயில் அது எரிந்துபோயிற்று. நான் போனபோது வேலிக்கு வெளியே நின்று கரி படிந்த சுவரைத்தான் பார்க்க முடிந்தது.

கேப் டவுனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் பெருஞ்சாலை பார்ல் வழியாக, மலைகளுக்குள் புகுந்து, ஹெக்ஸ் நதிப் பள்ளத்தாக்கில் டி டோர்ன்ஸ் என்ற சிற்றூரைத் தொடுகிறது. சாலையின் இரு பக்கமும் திராட்சை. கம்பத்துக்காரன் எவனும் அங்கே இறங்காமல் போக மாட்டான். நானும் இறங்கித் தங்கினேன். இரு பக்கமும் மலைச் சுவர், நடுவில் பச்சைப் பந்தல். உத்தமபாளையம் சாலையில் நிற்பது போலவே இருந்தது. கவாத்து எப்போது, தண்ணீர் எப்படி, மருந்து எத்தனை முறை என்று பேச ஆரம்பித்ததும் தோட்டத்து மேஸ்திரிக்கு என்னை வெளியூர்க்காரனாக நினைக்கத் தோன்றவில்லை. அவர்களுக்கு ஆண்டுக்கு ஓர் அறுவடை. எங்கள் பக்கம் ஆண்டு முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும் என்றதும் நம்பாமல் பார்த்தார்.

பந்தலுக்கு அப்பால் தகரக் குடிசைகள். இந்த மாகாணத்துத் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே கொடுக்கும் வழக்கம் பல தலைமுறைகள் நீடித்தது. 1960களில் சட்டம் தடுத்த பிறகும் அது சட்டென்று நிற்கவில்லை. தாயின் குடி வயிற்றுப் பிள்ளையைத் தாக்கிய நோய் இன்றும் அந்தப் பகுதியைவிட்டுப் போகவில்லை. 2012 நவம்பரில் இதே டி டோர்ன்ஸில்தான் தோட்டத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திச் சாலையை மறித்தார்கள். அப்போது சட்டப்படியான நாள் கூலி 69 ரேண்ட். போராட்டத்தின் பலனாக 2013 மார்ச்சில் 105 ரேண்ட் ஆயிற்று. உலகத்தின் மிகச் சிறந்த அரசியலமைப்புகளில் ஒன்று என்று போற்றப்படும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகும், ஐரோப்பாவுக்குப் பழம் அனுப்பும் தோட்டத்தில் கூலி அந்த அளவில் இருந்தது. நிலம் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையிலேயே பெரும்பாலும் இருக்கிறது.

ஜோகன்னஸ்பர்க்கில் அரசியலமைப்பு நீதிமன்றத்தைப் பழைய சிறைச்சாலை நிலத்தில் கட்டியிருக்கிறார்கள். விசாரணைக் கைதிகளை அடைத்த கட்டடத்தை இடித்து, அந்தச் செங்கல்லையே நீதிமன்றச் சுவரில் வைத்தார்கள். படிக்கட்டுக் கூண்டுகளை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ‘நான்காம் எண்’ சிறை. 1908இல் காந்தி இங்கே இருந்தார். அவருடைய தோழர் தம்பி நாயுடு பலமுறை இருந்தார். டிரான்ஸ்வால் அரசு ஆசியர் எல்லாரும் பத்து விரல் ரேகையைப் பதித்துச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்ததை எதிர்த்துத்தான் அவர்களுடைய போராட்டம் தொடங்கியது. சீட்டுகளைக் கொப்பரையில் போட்டு எரித்தார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு விரல் ரேகை என்றதும் வேறொன்று நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ‘ரேகைச் சட்டம்’ என்பார்கள். குற்றப் பரம்பரைச் சட்டப்படி பிரமலைக் கள்ளர் ஆண்கள் ரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். குற்றம் செய்தாரா என்ற கேள்வியே இல்லை, பிறந்ததே குற்றம். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்தவர்கள் மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அந்தச் சட்டம் போயிற்று. ஒரே பேரரசு ஒரே மைப்பெட்டியைக் கொண்டு ஜோகன்னஸ்பர்க்கிலும் உசிலம்பட்டியிலும் வேலை பார்த்திருக்கிறது. அதோடு நிறுத்தினால் அரை உண்மைதான். ரேகைச் சட்டத்தால் அடிபட்ட அதே மதுரை, தேனிச் சீமையில், டீக்கடையில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்ததும் நாம்தான். அதற்கு எந்த வெள்ளைக்காரனும் சட்டம் எழுதித்தரவில்லை.

நீதிமன்றத்தின் உள்ளே புதிய அரசியலமைப்பைப் பல மொழிகளில் பார்க்கலாம். 1996 டிசம்பர் 10ஆம் தேதி மண்டேலா அதில் கையெழுத்திட்டார். 1960இல் காவல்துறை 69 பேரைச் சுட்டுக் கொன்ற ஷார்ப்வில்லைத்தான் அதற்கு இடமாகத் தேர்ந்தெடுத்தார். அதன் 6ஆவது பிரிவில் ஆட்சிமொழிகளின் வரிசைக்குப் பிறகு, அந்த நாட்டுச் சமூகங்கள் பேசும், மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளின் பெயர்கள் வருகின்றன. அவற்றில் தமிழ் இருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் மொழி ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. கண் கலங்கியது என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அந்த இடத்தை நம்மவர்கள் யாரிடமும் இரந்து பெறவில்லை.

அதை எப்படிப் பெற்றார்கள் என்பதற்கு டர்பன் போக வேண்டும். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரோடு வந்து சேர்ந்தது டர்பனில்தான். 1911 வரை வந்தவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்திலிருந்து. இன்று பெயர்ப்பலகைகளில் பிள்ளை, மூட்லி, நாயக்கர், படையாச்சி, கவெண்டர் என்று வரிசையாக இருக்கும். பேச்சு முழுக்க ஆங்கிலம். சாப்பாட்டில் புளியும் கறிவேப்பிலையும் குறையவில்லை.

1946லேயே அவர்களுக்கு ஒரு பேரம் வந்தது. நிலம் வாங்கும் உரிமையைச் சுருக்கிவிட்டு, பதிலுக்கு நாடாளுமன்றத்தில் இந்தியர்கள் சார்பாக வெள்ளையர் சிலர் அமரலாம் என்றது ஸ்மட்ஸ் அரசு. இந்தியக் காங்கிரஸ் தலைவர்களான டாக்டர் மான்டி நாயக்கரும் டாக்டர் யூசுப் தாதூவும் வேண்டாம் என்றார்கள். ஜூன் 13ஆம் தேதி கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சந்திக்கும் முனையில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஏறத்தாழ 2,000 பேர் சிறை சென்றார்கள். மறு ஆண்டு நாயக்கரும் தாதூவும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் டாக்டர் சூமாவோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். இனித் தனித்தனியாகப் பேச்சில்லை என்பது அதன் சாரம்.

ஆனால் டர்பனில் பயமும் அதே அளவு பழையது. 1949 ஜனவரியில் ஓர் இந்தியக் கடைக்காரர் கறுப்பினச் சிறுவனை அடித்ததில் தொடங்கிய கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். 1985 ஆகஸ்ட்டில் இனான்டாவில் இந்தியக் குடும்பங்கள் விரட்டப்பட்டன. காந்தி 1904இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு எரிந்தது. தமிழிலும் அச்சான ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் அச்சகம் இருந்த இடம் அது. 2000ஆம் ஆண்டில் சீரமைத்துத் திறந்தார்கள். அங்கே நின்று பார்த்தால் அரசு வகுத்த கோடுகள் கண்ணுக்கே தெரிகின்றன. இந்தப் பக்கம் இந்தியருக்கென்று 1976இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் நகரியம். அந்தப் பக்கம் இனான்டாவும் குவாமாஷுவும். 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். தெருவில் தடுப்புப் போட்டு நின்றவர்களில் நம் பெயருடையவர்களும் இருந்தார்கள். அதை மறைத்துவிட்டு வள்ளியம்மையின் பெருமையைப் பேச என்னால் முடியாது.

சாட்ஸ்வொர்த் டர்பனின் தெற்கே இருக்கிறது. மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களாக இருந்த தமிழ்க் குடும்பங்கள் மேகசின் பாரக்ஸ் என்ற வரிசை வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்தன. 1960களில் அவர்களைக் கிளப்பிக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் இது. குன்றுகளின் மேல் ஒட்டிக்கட்டிய வீடுகள். ஆற்றுக்கு அப்பால் கறுப்பின மக்களுக்கான உம்லாசி. இரண்டுக்கும் நடுவில் யாரும் குடியிருக்கக் கூடாத நிலம் விட்டிருந்தார்கள்.

1984 ஆகஸ்ட் 28ஆம் தேதி இந்தியச் சபைக்கான தேர்தல். அதற்கு ஓர் ஆண்டு முன்பே, 1983 ஆகஸ்ட் 20ஆம் தேதி, கேப் டவுனின் மிட்சல்ஸ் பிளெய்னில் இந்தச் சட்டத்தை எதிர்த்து ஐக்கிய ஜனநாயக முன்னணி தொடங்கிவிட்டது. 1894இல் காந்தி தொடங்கி, நடுவில் ஓய்ந்து, 1971இல் உயிர்பெற்ற நேட்டால் இந்தியக் காங்கிரஸ் அதில் சேர்ந்து, வாக்களிக்க வேண்டாம் என்று வீடு வீடாகப் போயிற்று. ராபன் தீவில் 20 ஆண்டுகள் இருந்துவிட்டு 1984 பிப்ரவரியில் வெளியே வந்திருந்த பில்லி நாயர் ஓய்வெடுக்காமல் நேராகக் கூட்ட மேடைக்கு வந்தார். ஆகஸ்ட் 17ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு அவை இந்தச் சட்டம் செல்லாது என்று தீர்மானம் போட்டது. அமெரிக்காவும் பிரிட்டனும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன.

அந்தப் பிரசாரத்தில் சாட்ஸ்வொர்த் தெருக்களில் நடந்த ஒருவரின் வீட்டில் உட்கார்ந்து பேசினேன். அப்போது வாலிபர், செருப்புத் தொழிற்சாலை வேலை. கதவைத் தட்டினால் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். “எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள், தம்பி. பென்ஷன் நிற்குமா?” என்றார். வாக்களிக்காவிட்டால் முதியோர் பணம் நிற்கும், வீடு போகும் என்று பேச்சு பரவியிருந்தது. கூட இருந்த அவர் அண்ணி, எல்லாரும் ஆண்ட்டி என்று அழைக்கும் மூதாட்டி, ஆங்கிலத்துக்கு நடுவே தமிழ்ச் சொற்களைப் போட்டுப் பேசினார். அவர் கணவர் பள்ளி ஆசிரியர். இந்தியப் பள்ளிகள் இந்தியச் சபையின் ‘சொந்த விவகாரம்’ ஆகப்போகின்றன; வேலை யார் கையில் இருக்கும் என்று தெரியும். கணவனும் மனைவியும் போய் வாக்களித்துவிட்டு வந்தார்கள். கொழுந்தன் மாதக்கணக்கில் பேசவில்லை. “பிள்ளைகள் நாலு பேர் எனக்கு” என்றார் ஆண்ட்டி. வேறு விளக்கம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ராபன் தீவின் அந்த அட்டைதான் அன்று சாட்ஸ்வொர்த்தின் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வைக்கப்பட்டது. முதல் பத்தியில் உன் பெயர் இருக்கிறது, இரண்டாவது பத்தியைப் பார்க்காதே, சாப்பிடு. பயம் இருந்தது, 1949இன் நினைவு இருந்தது, அரசு சொன்ன சலுகையும் உண்மையாகவே கிடைக்கக்கூடியது. இத்தனைக்கும் பிறகு, பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் சாவடிக்குப் போனார். மற்ற நால்வர் வீட்டில் இருந்தார்கள். ஆறு நாள் முன்பு நடந்த கலப்பினத்தார் தேர்தலிலும் பத்தில் மூன்று பேர்தான் போயிருந்தார்கள். வள்ளியம்மையின் தியாகத்துக்குக் குறைவில்லாத செயலாகவே இதைக் கருதுகிறேன். தன்னை ஒடுக்கும்போது எதிர்ப்பது ஒரு வகை. தன்னை மேலே தூக்கிவிடும்போது, கீழே நிற்கிறவனை நினைத்து மறுப்பது அதைவிட அரியது. சாதிப் படிக்கட்டில் கீழே ஒருவர் இருந்தால் போதும் என்று வாழப் பழகிய ஊர்களிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் அப்படி மறுத்தார்கள். நம் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி இதற்கு வேண்டும்.

செப்டம்பர் 3ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே நாள் ஷார்ப்வில், செபோக்கெங் ஆகிய கறுப்பின நகரியங்கள் தீப்பற்றின. 13ஆம் தேதி முன்னணியைச் சேர்ந்த பில்லி நாயர், ஆர்ச்சி குமேடே, எம்.ஜே. நாயுடு உட்பட ஆறு பேர் கைதிலிருந்து தப்ப டர்பன் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் நுழைந்தார்கள். சிலர் டிசம்பர் வரை உள்ளேயே இருந்தார்கள். இந்தியச் சபையின் அமைச்சர் குழுவுக்கு அமிச்சந்த் ராஜ்பன்சி தலைமை ஏற்றார். சபை பத்தாண்டு உட்கார்ந்து எழுந்தது. 1994 ஏப்ரல் 27இல் இடைக்கால அரசியலமைப்பு வந்ததும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிந்தது.

அடுத்த ஆண்டு நவநீதம் பிள்ளை உயர் நீதிமன்ற நீதிபதியானார். டர்பன் கிளேர்வுட்டில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்து, 1967இல் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்தவர். அத்தனை ஆண்டுகள் வழக்காடியும், நீதிபதியின் அறைக்குள் அவர் முதன்முதலாகக் காலடி வைத்தது தானே நீதிபதியான பிறகுதான்.

சாட்ஸ்வொர்த் நண்பரிடம், எல்லா இனத்தவரும் வாக்களித்த 1994 தேர்தலைப் பற்றியும் கேட்டேன். அந்தத் தேர்தலில் இந்தியர்களில் பெரும்பான்மையோர், மூன்று சபைகளைக் கொண்டுவந்த அதே தேசியக் கட்சிக்கு வாக்களித்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பத்தாண்டு முன்பு மறுத்தவர்கள், பெரும்பான்மை ஆட்சி வருகிறது என்றதும் பயந்தார்கள். அவருக்கு அது தெரியுமா?

தெரியும் என்றார். அன்று காலையிலிருந்து தன் காரில் கிழவிகளை ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார், ஆண்ட்டியையும் சேர்த்து. யாருக்குப் போடப்போகிறார்கள் என்பதைப் பாதிப் பேர் வண்டியிலேயே சொல்லிவிட்டார்களாம்.

“இறக்கிவிட்டிருக்கலாமே?” என்றேன்.

“எதுக்கு?” என்றார். “அன்னைக்கு வரிசையில உம்லாசி ஆளும் நின்னான், இவங்களும் நின்னாங்க. ஒரே சீட்டு. நாங்க கேட்டது அதுதானே தம்பி.” பிறகு, அந்தக் கார் ஒரு பழைய டட்சன் என்றும், சாயங்காலத்துக்குள் இரண்டு முறை பெட்ரோல் போட வேண்டியிருந்தது என்றும், பணத்தை ஆண்ட்டிதான் கொடுத்தார் என்றும் சொன்னார்.